மாற்றுத்திறனாளிக்கு வேலை: குமரி மாவட்டத்தில் யாரிடம், எந்த வரிசையில் போவது?

நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு வரிசையில் நின்றால் ஒரு மனு தவறாமல் கண்ணில் படும். "என் மகன் மாற்றுத்திறனாளி. அவனுக்கு ஏதாவது ஒரு வேலை தந்து உதவ வேண்டும்." அந்த 'ஏதாவது ஒரு வேலை'யில்தான் சிக்கல். அப்படி ஒரு வேலை எந்த ஆபீசிலும் கிடையாது. மனு மேசை மேசையாக நகரும், கடைசியில் ஒரு கடிதம் வரும், அம்மா அதை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துக்கொள்வார்.

தக்கலை, குலசேகரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் 11 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். எனக்கென்று ஒரு பதவிப் பெயர் உண்டு, ஆனால் வீடுகளில் கூப்பிடுவது 'டீச்சரே' என்றுதான். ஒரு மாற்றுத்திறனாளி வேலைக்குப் போய் அதில் நிலைக்க வேண்டுமென்றால் ஏழெட்டுப் பேருடைய வேலை ஒன்று சேர வேண்டும். சான்று தருகிற மருத்துவர், பதிவு செய்கிற அலுவலர், ஆளைப் புரிந்துகொள்கிற ஆலோசகர், கடையில் கூட நிற்கிற பயிற்றுநர், கருவி பொருத்துகிறவர், சைகை மொழிபெயர்ப்பாளர், சமூகப் பணியாளர். இவர்கள் எல்லாரும் நம் மாவட்டத்திலோ பக்கத்திலோ இருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு அடுத்தவரைத் தெரியாது. தோவாளையில் பூ கட்டுவது மாதிரி, நூல் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை வீட்டாருடையதாகவும் இருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அட்டை

யுடிஐடி என்று எல்லாரும் சொல்லும் தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் மற்ற எந்தப் படியும் ஏற முடியாது. விண்ணப்பம் இணையத்தில். பரிசோதனைக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அந்தந்தப் பகுதியில் நடக்கும் முகாமோ.

1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைதான் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்கின்சன் நோய், தலசீமியா எல்லாம் புதிதாக வந்தவை. பத்து வருடத்துக்கு முன்னால் "இதுக்கெல்லாம் சான்று கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது. இடஒதுக்கீட்டுக்கும் பெரும்பாலான உதவிகளுக்கும் சான்றில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது கணக்கு.

மனநோய்க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே மதிப்பிடுவது நான்கு விஷயங்களை: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. நம் வீட்டு ஆட்கள் அந்நியர் முன்னால் கௌரவத்துக்காக "இப்ப நல்லா இருக்கான் சாரே" என்று சொல்லிவிடுவார்கள். மதிப்பெண் அதற்கேற்ப விழும். கூட்டிச் சொல்ல வேண்டாம். ஆனால் மோசமான வாரத்தில் அவன் எப்படி இருப்பான் என்பதையும் சொல்லுங்கள்.

சதவீதம் வேலைத் திறனின் அளவு அல்ல. "75 சதவீதம்னா பாக்கி 25 சதவீத வேலைதானே செய்வான்?" என்று ஒரு கடை முதலாளி என் முகத்துக்கு நேராகவே கணக்குப் போட்டிருக்கிறார். அட்டையை முதலாளியிடம் முதல் காகிதமாக நீட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 2: இரண்டு அலுவலர்கள், ஒரு பக்கத்து ஊர்

முதல் ஆள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். உதவித்தொகை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், காது கேட்கும் கருவி, சுயதொழில் கடன் என்று பலதும் இவர் வழியாகத்தான் வரும். நேரடியாக வேலை போட்டுக் கொடுப்பது இவர் வேலை அல்ல. ஆனால் ஒரு கேள்வியை வேலைக்குச் சேரும் முன்பே இவரிடம் கேட்டாக வேண்டும்: "வேலைக்குப் போனால் மாதம் வருகிற 2,000 ரூபாய் நின்றுவிடுமா?" நான் பார்த்த வரையில் வேலைக்குத் தடையாக இருப்பதில் படிக்கட்டை விடப் பெரியது இந்தப் பயம். எந்த உதவித்தொகை, என்ன நிபந்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு. எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது ஆள் வேலைவாய்ப்பு அலுவலர். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்பது முழுப் பெயர். நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கிறது. பதிவு செய்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு மற்றவர்கள் பதிவு செய்து 5 வருடம் காத்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு 1 வருடம் போதும். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. பார்வை, செவி, உடல் இயக்கம் இவற்றுக்குத் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். தேர்வில் உதவிக்கு எழுதுபவர் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு.

மூன்றாவது இடம் நம் மாநிலத்திலேயே இல்லை. திருவனந்தபுரம் நாலாஞ்சிறாவில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது. பழைய ஆட்கள் வி.ஆர்.சி., அதாவது தொழில்சார் மறுவாழ்வு மையம் என்பார்கள். தமிழ்நாட்டுக்கு உரியது கிண்டியில். ஆனால் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் பக்கத்தில் வருவதை விட்டுவிட்டு ஒரு ராத்திரி ரயிலேறி சென்னை போகத் தேவை இருக்கிறதா என்று முதலில் திருவனந்தபுரம் மையத்திலேயே விசாரியுங்கள். ஆளின் உடல், மனம், கைத்திறன் மூன்றையும் பார்த்து எந்தத் தொழில் பொருந்தும் என்று மதிப்பிடுவதுதான் இந்த மையங்களின் முக்கியமான வேலை.

படி 3: ஆளைத் தெரிந்துகொள்வது

இங்கேதான் தொழில்நெறி ஆலோசகர் வருகிறார். மறுவாழ்வு ஆலோசகர், மறுவாழ்வு உளவியலாளர் என்றும் பெயர் இருக்கலாம். மேசைக்கு எதிரில் உட்கார்த்தி வைத்து "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்பது பயனில்லை. வேலையே பார்த்திராத ஒருவருக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்?

குலசேகரம் பக்கம் ஒரு வீடு. 22 வயதுப் பையன், அறிவுசார் குறைபாடு. "ஒண்ணும் செய்யத் தெரியாது டீச்சரே, சும்மா இருக்கான்" என்று அம்மா சொன்னார். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அந்தச் 'சும்மா இருக்கிற' பையன் ரப்பர் ஷீட்டைக் கொடியில் தொங்கப் போட்டான், காய்ந்ததைத் தனியாக எடுத்தான், ஒட்டுப்பாலைத் தனிச் சாக்கில் போட்டான். ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொங்கவிட்டான். உள்ளே வெள்ளை காயவில்லை. தரம் பார்ப்பது என்று வியாபாரிகள் சொல்லும் வேலை அது. வீட்டில் யாரும் அதை வேலை என்று நினைத்ததில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு ரப்பர் கடையில் ஷீட் பிரிக்கிற வேலையில் சேர்ந்தான்.

ஆலோசகர் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றால் நீங்களே ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறான், யாரும் சொல்லாமல் என்ன செய்கிறான், எவ்வளவு நேரம் தொடர்ந்து செய்கிறான், எந்தச் சத்தம் ஆகாது, பஸ்ஸில் தனியாகப் போவானா, சில்லறை தெரியுமா, கோபம் வந்தால் எதனால் அடங்குகிறது. அந்த நோட்டு எந்தச் சான்றிதழையும் விட எனக்கு உதவியிருக்கிறது. வேலைக்குப் போகிறவரிடமே கேட்டு எழுதுவதும் முக்கியம். ஒரு பெண்ணுக்குத் தையல் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவளுக்கு வேண்டியது வீட்டை விட்டு வெளியே போகிற வேலை, எதுவானாலும்.

இன்னொன்று. மெழுகுவர்த்தி, பினாயில், பேப்பர் கவர். மாற்றுத்திறனாளி என்றதும் பயிற்சி மையங்கள் நீட்டுகிற மூன்று பொருள்கள். விற்பனைக்கு ஆள் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டது. யார் வாங்குவார்கள் என்று கேட்காமல் எந்தப் பயிற்சியிலும் சேர வேண்டாம்.

படி 4: முதலாளியைப் பார்க்கப் போவது

இதைச் செய்கிறவர் வேலை சேர்ப்பு அலுவலர், அல்லது வேலைப் பயிற்றுநர். ஜாப் கோச் என்றே இங்கே சொல்கிறோம். நல்ல ஜாப் கோச் முதல் சந்திப்பில் வேலை கேட்க மாட்டார். "உங்க கடையில எந்த வேலைக்கு ஆள் நிக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்பார். பிறகு ஒரு நாள் முழுக்க அங்கேயே நின்று பார்ப்பார்.

மார்த்தாண்டத்தில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை. பில் போடுகிற பெண்கள் நடுநடுவே எழுந்து போய் பொட்டலத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் கவுண்டரில் கூட்டம் சேரும். ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் எல்லாரிடமிருந்தும் உருவி எடுத்து ஒரே ஆளுக்கான வேலையாக்கினோம். காது கேளாத, வாய் பேசாத ஒருவர் அதில் சேர்ந்தார். முதலாளி செய்தது தர்மம் இல்லை. அவருக்குக் கவுண்டர் வேகமானது. "பாவம், ஒரு வேலை குடுங்க" என்று கேட்டு வாங்கிய வேலைகள் தீபாவளிக்கு மேல் தாங்கியதாக எனக்கு நினைவில்லை.

முதலாளியிடம் சொல்ல வேண்டிய கணக்குகளும் உண்டு. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மற்ற தொழிலாளிக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. இருபதோ அதற்கு மேலோ ஆட்கள் உள்ள தனியார் நிறுவனம் என்னென்ன வசதி செய்து தரும், எந்தெந்தப் பணியிடம் பொருந்தும் என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையாக எழுதி வெளியிட வேண்டும் என்று 2016 சட்டத்தின் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நான் ஏறி இறங்கிய பல இடங்களில் இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. மிரட்டலாகச் சொல்லாமல், எழுதிக் கொடுக்க நாங்கள் உதவுகிறோம் என்று சொன்னால் கதவு திறக்கும்.

சம்பளம் பேசும்போது 'பயிற்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். எத்தனை நாள், எவ்வளவு, பிறகு எவ்வளவு என்று தேதியோடு கேளுங்கள். ஆறு மாதம் பயிற்சி என்று டீக்காசு மட்டும் கொடுத்த இடத்திலிருந்து ஒரு பெண்ணைத் திருப்பி அழைத்து வந்திருக்கிறேன்.

படி 5: கருவியும் வழியும்

கை, கால், கண், காது தொடர்பான மாற்றங்களுக்கு வேறு வேறு ஆட்கள். செயல்முறை சிகிச்சையாளர் மேசை உயரம், நாற்காலி, பிடிமானம் பார்ப்பார். இயன்முறை சிகிச்சையாளர் உடல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்வார். செயற்கைக் கால், காலிப்பர் பொருத்துகிறவர் தனி. நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் மாடியில் இருந்தது. போலியோ பாதித்த ஒரு அக்காவுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் அத்துப்படி, படி ஏறத்தான் முடியாது. கைப்பிடி, சாய்தளம் என்று மூன்று வாரம் பேசினோம். கடைசியில் ஒரு கம்ப்யூட்டரைக் கீழே ஸ்டோர் ரூமுக்கு இறக்கினார்கள். செலவு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சட்டத்தில் 'நியாயமான இடவமைவு' என்று பெரிய பெயர் இதற்கு.

பார்வையற்றவர்களுக்கு இரண்டு பேர் வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒருவர்: திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். வழிக்கு ஒருவர்: இடம் அறிந்து நடக்கப் பயிற்சி தருகிறவர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அலுவலகம் வரை நடப்பதை ஏழெட்டு நாள் கூடவே நடந்து, பிறகு பத்தடி பின்னால் நடந்து, பிறகு எதிர்ச் சாரியில் நின்று பார்த்து விடுவார்கள். இதைச் செய்யாமல் வேலை வாங்கிக் கொடுத்தால் தினமும் கூட்டிப்போக ஒரு அண்ணன் தன் வேலையை விட வேண்டியிருக்கும்.

காது கேளாதவருக்கு நேர்காணல் என்றால் சைகை மொழிபெயர்ப்பாளர். வீட்டு ஆள் வேண்டாம். அப்பா மொழிபெயர்த்தால் கேள்வி மகனிடம் போகாது; அப்பாவே பதில் சொல்லிவிடுவார், பெருமையாக. மாவட்டத்தில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ காலில் ஏற்பாடு செய்யலாம்.

படி 6: முதல் மூன்று மாதம்

ஜாயினிங் அன்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் போகிற அமைப்புகள் உண்டு. என் கணக்கில் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

ஜாப் கோச் முதல் வாரம் முழு நாளும் கூட இருப்பார். வேலையைச் சின்னச் சின்னதாக உடைப்பார், ஒவ்வொன்றையும் முதலில் செய்து காட்டி, பிறகு கையைப் பிடித்து, பிறகு சைகை மட்டும், பிறகு பேசாமல் நின்று. இரண்டாம் வாரம் அரை நாள். மூன்றாம் வாரம் காலையில் ஒருமுறை, மூடும்போது ஒருமுறை. அதற்குள் கடையிலேயே ஒரு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். மேனேஜர் அல்ல, கூட நின்று வேலை பார்க்கிற ஒரு அண்ணனோ அக்காவோ. கோச் விலகுவது இவர் தோளில்தான். இவரைக் கண்டுபிடிக்காமல் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தத் தப்பே சாட்சி.

ஒரு பையன், ஆட்டிசம், ஒரு கடையில் சாமான் அடுக்குகிற வேலை. மூன்று வாரத்தில் அவ்வளவு சுத்தமாகச் செய்தான் என்று நான் போவதை நிறுத்திவிட்டேன். இரண்டாம் மாதம் புது மேனேஜர் வந்து அலமாரி வரிசையை ஒரே ராத்திரியில் மாற்றினார். மறுநாள் காலை வந்தவன் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இவனுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு" என்று வீட்டுக்குப் போன் போனது. எனக்கு யாரும் சொல்லவில்லை, யாரிடமும் என் நம்பர் இல்லை. மாற்றப் போவதை முதல் நாள் சாயங்காலம் படம் போட்டுக் காட்டியிருந்தால் போதும். அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு மூன்று காரியம் தவறாமல் செய்கிறேன். கல்லா மேசைக்குப் பின்னால் என் நம்பரை ஒட்டுவது. மூன்று மாதம் வரை வாரம் ஒரு தடவை நேரில், பிறகு ஒரு வருடம் வரை மாதம் ஒரு போன். முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று, தனித்தனியாக. ஒரே போனில் இரண்டு பேரையும் கேட்டால் இருவரும் "நல்லா போகுது" என்பார்கள். மூன்றாவது, முதல் சம்பளத் தேதியன்று கண்டிப்பாகப் போவது. கையில் வாங்கினாரா, கணக்கில் வந்ததா, வீட்டில் யார் எடுத்துக்கொண்டார் என்பது அன்றுதான் தெரியும்.

மனநோய் உள்ளவர்களுக்கு இந்தப் படி இன்னும் நீளும். மாத்திரையை மாற்றுகிற வாரம், தூக்கம் கெடுகிற வாரம் முன்கூட்டியே தெரிய வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் வேலை நேரத்தைச் சொன்னால் மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று பார்ப்பார். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள். முழுக்கக் குணமாகட்டும், அப்புறம் வேலை என்று வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பதை நான் ஏற்பதில்லை. பலருக்கு வேலையே தேற உதவுகிறது.

படி 7: வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தால்

அரசு ஊழியர் என்றால் 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு கை கொடுக்கும். பணிக்காலத்தில் குறைபாடு வந்ததற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். விபத்துக்குப் பின் அவசரப்பட்டு விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட வேண்டாம். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கே நகரவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

பனையேறிகளுக்கு இந்தப் பிரிவு எதுவும் பொருந்தாது. பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை ஊரில்! அவர்களுக்கு முதலில் தேவை மறுவாழ்வு சமூகப் பணியாளர்: படுக்கைப் புண், சிறுநீர்ப் பை, சக்கர நாற்காலி வீட்டு வாசல் தாண்டுமா என்று பார்க்கிறவர். அது சரியான பிறகுதான் தொழில். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற தரகரிடம் போக வேண்டாம்.

இந்த வேலைக்கே வர நினைப்பவர்களுக்கு

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் மறுவாழ்வுத் தொழிலாளர்கள் யார் யார் என்று பட்டியலிடுகிறது. சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் வரிசையில் தொழில்நெறி ஆலோசகரும், மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு அலுவலரும், வேலை சேர்ப்பு அலுவலரும் அதில் இருக்கிறார்கள். கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு எண் வாங்க வேண்டும். வீட்டார்களும் ஆலோசகரிடம் அந்த எண்ணைக் கேட்கலாம், கோபித்துக்கொள்கிறவரை விட்டுவிடலாம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இத்தகைய படிப்புகளை நடத்துகிறது. சம்பளம் பெரிதாக இருக்காது, அலைச்சல் அதிகம், மழைக்காலத்தில் மேற்குப் பக்கத்து மேடு பள்ளத்தில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாப் கோச்சுக்கு மட்டும் படிப்பை விடக் கண்தான் முக்கியம் என்பேன். எங்களிடம் இருப்பவர்களில் கெட்டிக்காரி, ஒரு அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலை) 20 வருடம் மேற்பார்வை பார்த்த அக்கா. எட்டாம் வகுப்பு. பருப்பின் தோல் உரிக்கிற வேலையை நான் 6 படியாகப் பிரித்து நோட்டில் எழுதியிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேனாவைக் கேட்டார். திருப்பித் தந்தபோது 14 இருந்தது.